எவால்ட் வாய் மூடாத ஞாயிறு

எவால்ட் கோபியெட்ஸ் வாயடைத்து நின்றதை எங்கள் லிபோவ்காவில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாதிரியார். கல்யாணத்தன்று "சம்மதமா?" என்று அவர் கேட்டபோது அரை நிமிஷம் திருதிருவென்று விழித்தான். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி ஹில்டா. அவள் பார்த்தது அவனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று. மற்ற நாளெல்லாம் அவன் பேச்சை நிறுத்தச் சொல்வதும் விஸ்துலா ஆற்றை நிறுத்தச் சொல்வதும் ஒன்றுதான்.

இருபத்தைந்து வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவன். எண்ணூறு மீட்டர் ஆழத்தில் வெளிச்சம் இருக்காது, காற்று இருக்காது, எவால்டின் பேச்சு மட்டும் இருக்கும். அவன் எந்தச் சந்தில் வேலை பார்க்கிறான் என்று மேற்பார்வையாளர் கவ்லிக் விசாரிக்கவே மாட்டார். நின்று காதைக் கொடுத்தால் போதும், சத்தம் வந்த பக்கம் நடந்துவிடுவார். நாற்பத்தெட்டு வயதில் ஓய்வூதியம் வந்தது. போலந்தின் இந்தச் சிலேசியாப் பக்கத்தில் ஓய்வு பெற்ற சுரங்கக்காரர்களில் பாதிப் பேர் பந்தயப் புறா வளர்ப்பார்கள், மீதிப் பேர் பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். எவால்ட் இரண்டையும் செய்தான்.

வீட்டுக்குப் பின்னால் பச்சைச் சாயம் அடித்த புறாமாடம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தீனி வாளியோடு உள்ளே போவான். தீனி போடப் பத்து நிமிஷம் ஆகும், அன்றைக்கு நடந்ததைப் புறாக்களுக்குச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். மற்ற புறாக்கள் தின்றுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கும். ட்ரூட்கா மட்டும் அப்படியில்லை. நீலச் சாம்பல் நிறம், சின்ன உடம்பு, இரும்பு நெஞ்சு. அவன் பேச ஆரம்பித்ததும் பறந்து வந்து அவன் வழுக்கைத் தலையில் உட்காருவாள். பேசி முடிக்கிறவரை இறங்க மாட்டாள். முடித்ததும் ஒரு முறை சிறகை உதறிவிட்டுத் தன் பெட்டிக்குப் போவாள்.

ஹில்டா ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரிப்பாள். "மனுஷா, இந்த ஊர்ல உன் பேச்சை முழுசாக் கேக்குற ஒரே ஜீவன் அதுதான். அதுக்கும் காது எங்க இருக்குன்னே தெரியல."

"பொறாமை, பொறாமை" என்பான் இவன்.

வம்பு வந்தது கோட்டை வழியாக. பழைய போர் ஒன்றில் ஸ்வீடன்காரன் கொளுத்திவிட்டுப் போன நாளிலிருந்து எங்கள் பாறைமேல் இருக்கும் கோட்டைக்குக் கூரை இல்லை. ஒரு கோபுரம், மூன்றரைச் சுவர், நடுவில் முற்றம், அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மல்வினா ஸ்டெட்ஸ் என்றொரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வண்டியில் பதினோரு வேட்டைப் பறவைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். கழுகு இரண்டு, கோட்டான் மூன்று, பிணந்தின்னிக் கழுகு ஒன்று, பருந்துகள், எல்லாவற்றுக்கும் மேலே 'சீமாட்டி' என்று பெயர் வைத்த ஒரு வெள்ளை வல்லூறு. முற்றத்தில் பலகை இருக்கைகளைப் போட்டாள், கம்பத்துக்கு ஒன்றாக நாலு ஒலிபெருக்கியைக் கட்டினாள். சனி ஞாயிறுகளில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பறவைகளைப் பறக்கவிட்டுக் காட்டும் பறவை விளையாட்டு ஆரம்பமானது.

எவால்ட் முதலில் அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் வேலைக்கு நின்றான். வந்த கார்க்காரர்கள் ஜன்னலை இறக்கியதும் கோட்டையின் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். பின்னால் முப்பது கார் நிற்கும். மல்வினா பார்த்தாள். அறிவிப்பாளன் வேறு வேலை கிடைத்துப் போனதும் மைக்கை இவன் கையில் கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பேச்சே வராது. பறவைகளோடு வாழ்ந்து வாழ்ந்து, மனிதர்களிடம் மூன்று வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். ஆனால் புறாச் சங்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா?" என்றுதான் கேட்டார்கள். சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர், எட்டுப் பேரும் பழைய சுரங்கக்காரர்கள். தலைவர், அதே மேற்பார்வையாளர் நோர்பர்ட் கவ்லிக். மேலே வந்த பிறகும் அவருக்கு மேற்பார்வை பார்க்கும் வியாதி போகவில்லை.

மே மாதம் ஒரு நாள் சீமாட்டி நிஜமாகவே ஒரு புறாவைப் பிடித்துவிட்டாள். கோபுரத்தடியில் இறகுகளுக்கு நடுவே கால்வளையம் கிடந்தது. எண்ணைப் பார்த்ததுமே எவால்டுக்குத் தெரிந்துவிட்டது. கவ்லிக்கின் ஆண்புறா. வேறு எவனாயிருந்தாலும் வளையத்தைக் கிணற்றில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். இவனுக்குத்தான் பேசாமல் இருக்கத் தெரியாதே. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கவ்லிக் வீட்டுக்குப் போய், வளையத்தை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

உண்மை சொன்னதற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள். அன்றிலிருந்து யார் வீட்டுப் புறா திரும்பாவிட்டாலும் பழி கோட்டைமேல். மின்கம்பியில் மோதிச் செத்தாலும் கோட்டை, செக் நாட்டு மலையில் புயலில் சிக்கினாலும் கோட்டை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பதினாலு புறாக்கள் இப்படி எவால்ட் கணக்கில் ஏறின. சங்கத்துக்குள் நுழைந்தால் பக்கத்து நாற்காலிக்காரன் எழுந்து வேறு இடம் பார்த்தான். எவால்ட் பேச ஆரம்பித்தால் சீட்டைக் கலைத்துப்போட ஆரம்பித்தார்கள். பேசுகிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

ஜூலையில் கவ்லிக் நேரடியாகவே சொல்லிவிட்டார். வருஷத்தின் பெரிய பந்தயம் வரப்போகிற வாரம்.

"ஹனோவர் பந்தயத்துக்கு ஆளுக்கு ரெண்டு புறா அனுப்புறோம். மொத்தம் பதினாறு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கூட்டம். அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் உன்னைச் சங்கத்தைவிட்டுத் தூக்கணும்னு தீர்மானம் போடுறேன். எழுதியே வச்சிட்டேன், பாரு."

"தலைவரே, அறுநூத்தம்பது கிலோமீட்டர். ஜெர்மனியில எவன் வீட்டுப் பருந்தோ பிடிச்சா அதுக்கும் நானா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கோட்டையா, சங்கமா? நீயே முடிவு பண்ணிக்க."

எவால்ட் அன்று சாயங்காலம் புறாக்களுக்குக் கதை சொல்லவில்லை. தீனி போட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். சங்கத்தை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? சுரங்கத்தில் தோளோடு தோள் நின்றவர்களில் மிஞ்சியவர்கள் அந்த ஏழு பேர்தான்.

வழக்கமாகப் பந்தயத்துக்கும் விளையாட்டுக்கும் முட்டிக்கொள்ளாது. விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே புறாக்களை விடுவார்கள், பகல் ஒரு மணிக்குள் இங்கே வந்துவிடும். பறவை விளையாட்டு இரண்டு மணிக்கு. ஆனால் அந்த ஞாயிறு ஹனோவரில் மூடுபனி. புறாக்களை ஏழு மணிக்குத்தான் விட்டார்கள் என்று சேதி வந்தபோது எவால்ட் மதியச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சுருட்டிச் சமைத்த மாட்டிறைச்சி, நடுவில் குழிவைத்த உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ். ஞாயிற்றுக்கிழமை உருண்டையை விட்டுவிட்டு எழுந்த சிலேசியாக்காரனைப் பற்றி நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"எங்க ஓடுற? ஆறிப்போயிடும்!" என்றாள் ஹில்டா.

"மூணு மணி சுமாருக்கு வரும்டி எல்லாம். மேக்கேயிருந்து வந்தா கோட்டைக்கு மேலதான் பாதை. அந்த நேரத்துலதான் மல்வினா சீமாட்டியைப் பறக்க விடுவா!"

ஹில்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. "நீ போ. நான் எல்லா வீட்டுப் பொம்பளைங்களுக்கும் போன் போட்டு, எந்தப் புறா வந்தாலும் உனக்குச் சேதி அனுப்புறேன்."

மல்வினா தராசில் சீமாட்டியை நிறுத்துக்கொண்டிருந்தாள். எவால்ட் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னான். இன்றைக்கு ஒரு நாள் வல்லூறை விடாமல் இருக்கக்கூடாதா என்று கேட்டான்.

"முடியாது" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினாள்.

"எவால்ட் ஐயா, கேளுங்க. சரியான எடைக்குக் கொண்டுவந்து பசியோட வச்சிருக்கேன். இன்னைக்குப் பறந்து வந்து என் கையில சாப்பிடலைன்னா நாளைக்கு என்னை மதிக்காது. கழுகு, கோட்டான், எல்லாத்தையும் முதல்ல முடிச்சிடுறேன். சீமாட்டி கடைசி. நீங்க பேசுற வரைக்கும் அவ கண்ணை மறைச்சிருக்குற தோல் குல்லாயை அவுக்க மாட்டேன். வாயை மூடுனீங்களோ, அவுத்துடுவேன். மூணரைக்கு பஸ்ஸெல்லாம் கிளம்பிடும், அதுக்குள்ள அவ பறந்தாகணும்."

"பேசணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா நான் உருண்டையை விட்டுட்டு ஓடி வந்தேன்!" என்றான் எவால்ட்.

அன்றைக்கு முற்றத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். கோட்டான்கள் தலைகளுக்கு மேல் சத்தமில்லாமல் போயின. பிணந்தின்னிக் கழுகு வழக்கம்போல் பறக்காமல் நடந்தே போய் ஒரு அம்மாவின் கைப்பையைத் திறக்கப் பார்த்தது. கழுகு கோபுரத்தைச் சுற்றிவிட்டு வந்தது. இரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. மல்வினா வெள்ளை வல்லூறைக் கையுறைமேல் ஏந்திக்கொண்டு முற்றத்தின் நடுவே வந்து நின்று, எவால்டைப் பார்த்தாள்.

எவால்ட் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனான்.

"அன்பான ஜனங்களே! சீமாட்டி பறக்குறதுக்கு முன்னாடி, இந்தக் கோட்டையோட நிஜமான சீமாட்டியைப் பத்தி ரெண்டே ரெண்டு வார்த்தை. சலோமேயான்னு பேரு. ஏழு புருஷன் கட்டுனவ."

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சலோமேயா என்று ஒருத்தி எந்தக் காலத்திலும் எங்கள் கோட்டையில் இருந்ததில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எவால்ட் ஒரே மூச்சில் ஏழு பண்ணிவைத்தான். முதல் புருஷன் கிறிஸ்துமஸ் விருந்தில் கெண்டைமீன் முள் சிக்கிச் செத்தான். அந்த மீன் எந்தக் குளத்து மீன், யார் பிடித்தது, எத்தனை நாள் குளிக்கும் தொட்டியில் நீந்தியது என்பதற்கே ஆறு நிமிஷம். இரண்டாவது புருஷன் துருக்கிக்காரனோடு சண்டைக்குப் போனான்.

முன்வரிசையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு அம்மா கையைத் தூக்கினாள். கிராக்கோவில் சரித்திர ஆசிரியையாக இருந்தவளாம். "மன்னிக்கணும். நீங்க சொல்ற காலத்துல துருக்கிக்காரன் இந்தப் பக்கம் எங்க வந்தான்?"

"அதான் அம்மா, அவன் விஷயமே! அவன் எதுக்கும் அவசரப்படுறவன். துருக்கிக்காரன் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே போய்க் காத்துக்கிட்டிருந்தான். குளிர்லயே செத்துட்டான், பாவம்."

அந்த அம்மாவே சிரித்துவிட்டாள். எவால்டின் வாய் மூன்றாவது கல்யாணத்துக்குப் போனது. கண் மேற்கே காட்டுக்கு மேல் இருந்தது.

இரண்டு மணி நாற்பத்தொன்பது. மேற்கே ஒரு புள்ளி. தாழ்வாக, நேராக, தனியாக வந்துகொண்டிருந்தது. புறா வளர்க்கிறவனுக்கு அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சிறகடிப்பை எவால்ட் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். பதினாறில் முதலாவது! பதினோரு வருஷமாக அவன் கையில் சிக்காத ஹனோவர் கோப்பை! இன்னும் இரண்டே நிமிஷம் பறந்தால் அவன் புறாமாடத்து இறங்குபலகை, கால்வளையம் பட்டதும் நேரம் பதிவாகிவிடும்.

அந்த மனிதன் சும்மா இருந்திருக்க வேண்டும். மூன்றாவது புருஷனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் புறா பாட்டுக்குக் கடந்து போயிருக்கும். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"ட்ரூட்கா! என் கண்ணு! வந்துட்டியாடி!"

நாலு ஒலிபெருக்கியிலும் அது முழங்கியது. அறுநூற்றைம்பது கிலோமீட்டர் பறந்து வந்தவள், தினமும் சாயங்காலம் கதை சொல்கிற குரல் கோட்டை முழுவதும் கேட்டதும் என்ன செய்வாள்? சிறகை மடக்கினாள், சுவரைத் தாண்டினாள், முற்றத்தில் இறங்கினாள், எவால்டின் வழுக்கைத் தலையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டாள். சொல்லு, கேட்கிறேன் என்பதுபோல.

கூட்டம் கைதட்டி அதிர்ந்தது. இதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். பத்தடி தள்ளி மல்வினா கையில் சீமாட்டி. குல்லாய்க்குள் கண் தெரியாது, காது கேட்குமே. புறாவின் குர்குர் சத்தம் மைக் வழியாகப் போனதும் வல்லூறு விறைத்து நிமிர்ந்தது, அதன் கால்மணி கிணுகிணுத்தது. மல்வினா சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

எவால்ட் இன்னொரு கையிலிருந்த தொப்பியை வீசி விரட்டினான். ட்ரூட்கா எழும்பிக் கோபுரத்தைச் சுற்றினாள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஒலிபெருக்கி, எந்த ஒலிபெருக்கியிலும் எவால்ட். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே தலைமேல் வந்து உட்கார்ந்தாள். பேச்சு ஓய்ந்தால்தான் இவள் வீட்டுக்குப் போவாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் வாயை மூடினான்.

ட்ரூட்கா கதை முடிந்துவிட்டதென்று எழுந்து நின்று ஒரு காலைத் தூக்கினாள். இன்னும் இரண்டு நிமிஷம், கோப்பை வீட்டில். ஆனால் எதிரே இன்னும் முதுகைக் காட்டி நின்ற மல்வினாவின் கை குல்லாயின் வாரை நோக்கிப் போனது. பேச்சு பேச்சுத்தானே, வாயை மூடினால் அவிழ்ப்பேன் என்று சொல்லியிருந்தாள். எவால்ட் மேற்கே பார்த்தான். காட்டுக்கு மேல் ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு புள்ளிகள் கோட்டையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. அவற்றில் கவ்லிக்கின் புறாவும் இருக்கும், பக்கத்து நாற்காலியைவிட்டு எழுந்து போனவனின் புறாவும் இருக்கும்.

மனசு அடித்துக்கொண்டது. போகட்டும் ட்ரூட்கா, ஒரு தடவையாவது நான் ஜெயிக்கிறேனே என்று ஒரு பக்கம் கெஞ்சியது. அவனைத் துரத்தத் தீர்மானம் எழுதிவைத்திருப்பவர்களின் புறாக்கள்தானே அவை?

"நாலாவது புருஷன்!" என்று கத்தினான் எவால்ட். தூக்கிய கால் இறங்கியது. ட்ரூட்கா உட்கார்ந்துவிட்டாள். மல்வினாவின் கையும் இறங்கியது.

அதற்குப் பிறகு அவன் பேசியதை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாலாவது புருஷன் கிணற்றில் தன் அழகைப் பார்க்கப் போய் உள்ளே விழுந்தான். ஐந்தாவது புருஷன் நெட்டை, கோட்டை வாசல் குட்டை. ஆறாவது புருஷன் செத்ததே தெரியாமல் மூன்று வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவு அமைதியான ஆள். சட்டைப்பையில் தொலைபேசி வேறு அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணால் ஹில்டாவின் சேதியைப் படிப்பான், வாய் பாட்டுக்குப் போகும். இரண்டும் கலந்துபோயின.

"ஏழாவது கல்யாணத்துக்கு விருந்தாளிங்க யாரெல்லாம் வந்தாங்கன்னா, கவ்லிக் வீட்டுல ரெண்டு, தியோஃபில் வீட்டுல ஒண்ணு, மூலைவீட்டுல ரெண்டு... அதாவது குதிரை! குதிரைங்க வந்து சேந்துச்சு!"

"குதிரைக்கெல்லாமா கணக்கு?" என்றாள் வைக்கோல் தொப்பி அம்மா.

"ஒண்ணுகூடக் கொறையக் கூடாது அம்மா. கொறைஞ்சா என் கதி அதோகதி!"

தொண்டை கட்டியது. வழுக்கையில் நகம் கீறி, வேர்வை பட்டு எரிந்தது. அவன் கண்ணெதிரே முதல் பரிசு மற்ற ஏழு பேர் வீடுகளுக்குப் பறந்து போய்க்கொண்டிருந்தது. முதலில் வந்தவளோ அவன் தலையில் உட்கார்ந்து ஏழாவது கல்யாணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று பன்னிரண்டுக்குக் கடைசிச் சேதி வந்தது. 'பதினஞ்சு ஆச்சு. ட்ரூட்காவை மட்டும் காணோம். அழுகையா வருது மனுஷா.'

"அத்தோட சலோமேயாவும் செத்துப்போனா" என்றான் எவால்ட். மைக்கை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையைத் திரும்பிப் பார்த்த மல்வினா பக்கம் நீட்டி, பொறு என்று காட்டினான். ட்ரூட்கா கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். நிஜமாகவே முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் சிறகை ஒரு முறை உதறி எழும்பி, சுவருக்கு மேலாக ஊர்ப்பக்கம் போய்விட்டாள். சட்டைப்பை அதிரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். 'வந்துட்டா!'

"சீமாட்டி!" என்று அறிவித்தான் எவால்ட். குரல் தவளைக் கத்தலாக வந்தது. குல்லாய் கழன்றது. வெள்ளை வல்லூறு கோபுரத்துக்கு மேலே ஏறி, ஒருவரும் இல்லாத வானத்திலிருந்து கல்போல விழுந்து, மல்வினா கயிற்றில் சுழற்றிய இறைச்சித் துண்டை அடித்தது. இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசி, இவ்வளவு சோகமாக எவால்ட் எந்த விளையாட்டையும் முடித்ததில்லை.

மல்வினா அருகே வந்தாள். "முதல்ல வந்தது உங்களோடதுதானே?"

"ஆமா."

"முட்டாள்" என்றாள். சொல்லிவிட்டு, அவன் தலையிலிருந்த கீறலுக்குத் தன் கைக்குட்டையை நனைத்து வைத்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கத்தில் கூட்டம். எட்டு நாற்காலி, எட்டுக் கோப்பை பீர், நடுவில் ஒரு தட்டு உப்புமீன். எவால்ட் கதவோரம் உட்கார்ந்தான். துரத்துவதென்றால் எழுந்து போக வசதியாக இருக்கட்டும் என்று. கவ்லிக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிவைப் படித்தார். முதல் பரிசு கவ்லிக்கின் புறாவுக்கு. படிக்கும்போது அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். இரண்டு, மூன்று என்று போய்க் கடைசியில் நின்றார்.

"பதினாறாவது, எவால்ட் கோபியெட்ஸ், மூணு பதினாலு." கண்ணாடியைக் கழற்றினார். "நான் ரெண்டரையிலேர்ந்து என் வீட்டு முற்றத்துல தொலைநோக்கியோட உக்காந்திருக்கேன். ரெண்டு நாப்பத்தொம்போதுக்கு உன் புறா தனியாக் கோட்டைக்கு மேல வந்ததைப் பார்த்தேன். உள்ள எறங்குச்சு. இருபத்தஞ்சு நிமிஷம் எங்க இருந்துச்சு?"

"என் தலைமேல தலைவரே."

யாரோ சிரித்தார்கள். கவ்லிக் சிரிக்கவில்லை. "வெரட்டக் கூடாதா?"

"நான் பேசுற வரைக்கும் அது போகாது." எவால்டின் குரல் கரகரத்தது. "பேச்சை நிறுத்துனா வல்லூறை விட்டுடுவாங்க. உங்களோடதெல்லாம் அப்பத்தான் காட்டுக்கு மேல வந்துட்டிருந்துச்சு."

சிரித்தவனும் நிறுத்திவிட்டான். அன்றைக்குப் பேச்சு காற்றோடு ஊர்வரை கேட்டிருந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே, 'இந்த ஆளு எப்பத்தான் வாயை மூடுவான்' என்று திட்டியவர்கள்தான் எல்லோரும்.

கவ்லிக் சட்டைப்பையிலிருந்து தீர்மானக் காகிதத்தை எடுத்தார். எவால்ட் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். கவ்லிக் அதை நாலாகக் கிழித்து மீன்முள் கிடந்த தட்டில் போட்டார். பிறகு முடிவுத்தாளை இழுத்து, பதினாறாவது பெயருக்கு எதிரே, தாமதத்துக்குக் காரணம் என்று இருந்த இடத்தில் நிதானமாக எழுதினார். எழுதியதைச் சுரங்கத்தில் வருகைப் பட்டியல் படிக்கும் அதே குரலில் படித்தார்.

"கோபியெட்ஸ். ஷிஃப்டில் இருந்தார்."

தியோஃபில் கிழவன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவோரம் வந்து எவால்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி வந்தது. எவால்ட் எழுந்து நின்றான். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கண்ணில் நீர்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. லிபோவ்காவில் அவன் வாயடைத்து நின்றதைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை அன்று ஒன்பதாகிவிட்டது.

"என்னடா முழிக்கிற?" என்றார் கவ்லிக். "மைக் கொண்டுவரச் சொல்லவா?"